டாம் லாண்ட்ரி: கார்னர்பேக்காக இருந்து கோச் ஆனவர் - 4-3, ஃபிளெக்ஸ், 1971, 1989 எல்லாம் இங்கே பேசலாம்

நடுக்கோடு

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆட்டக்காரராக இருந்து கோச் ஆனவர்கள் நிறையப் பேர். டாம் லாண்ட்ரியைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் மட்டும் தொப்பி, இறுகிய முகம், டல்லாஸ் கௌபாய்ஸில் 29 சீசன், 2 சூப்பர் பௌல் (சீசனின் இறுதி ஆட்டம்) வெற்றி என்று நாலு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர் எதைச் செய்தார், எப்படிச் செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு ஆட்டக்காரர் லாண்ட்ரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பிறப்பு 1924, டெக்சாஸில் மிஷன் என்ற சிற்றூர். இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானத்தில் துணை விமானியாக 30 முறை பறந்தார். ஒரு தடவை எரிபொருள் தீர்ந்து பெல்ஜியத்தில் மரங்களுக்கிடையே இறங்க வேண்டி வந்தது. இறக்கைகள் பிய்ந்து போயின. தொட்டியில் எரிபொருள் இல்லாததால் தீப்பிடிக்கவில்லை, குழு பிழைத்தது. போர் முடிந்து டெக்சாஸ் பல்கலைக்கழக அணி, 1949-ல் ஏ.ஏ.எஃப்.சி. லீகின் நியூயார்க் யாங்கீஸ், அந்த லீக் மூடப்பட்ட பிறகு 1950 முதல் 1955 வரை நியூயார்க் ஜயன்ட்ஸ். எதிரணி எறிந்த பந்தை மொத்தம் 32 முறை பறித்திருக்கிறார். அணியின் பன்ட் உதையும் (பந்தை எதிரணிப் பக்கம் தூரமாக உதைத்துவிடுவது) அவரே. நடுவில், 1952-ல், ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொழிற்சாலைப் பொறியியலில் முதுகலையும் முடித்தார்.

4-3 அமைப்பு (முன்வரிசையில் 4 பேர், அவர்களுக்குப் பின்னால் 3 பேர் நின்று தடுப்பது) இவர் கண்டுபிடித்ததா, இவருடைய ஃபிளெக்ஸ் என்ற தடுப்பு முறை எப்படி வேலை செய்தது, ஏன் செத்தது, 1971-ல் குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) மாற்றி மாற்றி இறக்கியது சரியா - இந்த நான்கும்தான் என் கேள்விகள்.

இடதுகார்னர்

நல்ல ஆரம்பம் நடுக்கோடு சார். முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது: அவருக்கு ஓட்டத்தில் வேகம் கிடையாது. கார்னர்பேக் என்றால் எறியும் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணியின் வேகமான ரிசீவரைத் துரத்தும் வேலை. 1949-ல் கிளீவ்லாந்து பிரவுன்ஸின் மேக் ஸ்பீடி அவர் பக்கத்தில் ஆடி ஒரே ஆட்டத்தில் 200 யார்டுக்கு மேல் எடுத்துவிட்டார். கால் போதாதவன் முன்கூட்டியே தெரிந்துகொண்டு நகர வேண்டும், வேறு வழி இல்லை. எதிரணி எந்த வரிசையில் நிற்கிறது, எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் 4 முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு பாக்கி, இந்த நிலையில் இதுவரை என்ன ஆடியிருக்கிறார்கள் என்று படச்சுருளைப் போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் இதிலிருந்து வந்தது. அவருடைய மற்ற கண்டுபிடிப்புகள் எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை என்பது என் உறுதியான கருத்து.

1950-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜயன்ட்ஸ் கோச் ஸ்டீவ் ஓவன், பிரவுன்ஸை மறிக்க 'குடை' என்ற 6-1-4 அமைப்பைக் கொண்டுவந்தார். முன்வரிசையில் 6 பேர், நடுவில் ஒருவர், பின்னால் 4 பேர் குடைக்கம்பிபோல் வளைவாக. பந்து எறியும் நேரத்தில் முன்வரிசையின் இரு ஓர ஆட்டக்காரர்களும் பின்வாங்கினால் 4-1-6 ஆகிவிடும். ஜயன்ட்ஸ் 6-0 என்று வென்றது. அதுவரை பிரவுன்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்காமல் எந்த ஆட்டத்தையும் முடித்ததில்லை. ஓவன் பலகையில் மேலோட்டமாக வரைந்துவிட்டு ஒதுங்க, யார் எங்கே நிற்பது, எதைப் பார்த்து நகர்வது என்பதையெல்லாம் மற்றவர்களுக்கு விளக்கியவர் அப்போது 26 வயது லாண்ட்ரி. 1954, 1955 இரண்டு சீசனும் ஆட்டக்காரராகவும் டிஃபென்ஸ் (தடுப்புப் பக்க) கோச்சாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். அந்த 1954-லேயே புரோ பௌல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்கும் தேர்வானார்.

கணக்கர்63

4-3 கேள்விக்கு வருகிறேன். 'லாண்ட்ரி கண்டுபிடித்தார்' என்று நேராகச் சொல்வது தவறு. 1950-களின் தொடக்கம் வரை முன்வரிசையில் 5 பேர் நிற்பது வழக்கம். எதிரணி சென்டருக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு) மூக்கோடு மூக்காக நிற்கும் நடு கார்டு, தன் தலைக்கு மேலே பறக்கும் குட்டைப் பாஸைத் தடுக்க முடியாது. பிரவுன்ஸின் பில் வில்லிஸ் அவ்வப்போது பின்வாங்கிப் பார்த்தார். சிகாகோ பேர்ஸின் பில் ஜார்ஜ் 1954 வாக்கில் எழுந்து பின்னால் நிற்கத் தொடங்கினார். ஆக, நடுவில் நின்றவர் பின்னால் வருவது பலருக்கும் தோன்றியதுதான். லாண்ட்ரி செய்தது, அவரைச் சுற்றி ஒரு முழு ஏற்பாட்டைக் கட்டியது.

1956-ல் சாம் ஹஃப் வந்தார். கல்லூரியில் முன்வரிசை ஆட்டக்காரர். லாண்ட்ரி அவரை நடு லைன்பேக்கர் (முன்வரிசைக்குப் பின்னால் நடுவில் நிற்பவர்) ஆக்கினார். முன்வரிசையின் நடுவில் இருக்கும் 2 டேக்கிள்களுக்கும் ஹஃபுக்கும் ஒரே ஒப்பந்தம். 'உள்' அழைப்பு என்றால் டேக்கிள்கள் இருவரும் சென்டரின் இரு பக்க இடைவெளியையும் அடைப்பார்கள், ஹஃப் வெளிப்பக்கம் ஓடலாம். 'வெளி' அழைப்பு என்றால் டேக்கிள்கள் வெளிப்பக்கம், நடு இடைவெளி ஹஃபுக்கு. எந்த அழைப்பிலும் இடைவெளி ஒன்றுக்கு ஆள் ஒன்று. யாராவது ஒருவர் தன் இடத்தை விட்டு ஆசைப்பட்டு நகர்ந்தால் அந்த ஓட்டை வழியே 20 யார்டு போய்விடும்.

விளைவு வேண்டுமா? 1956-ல் பேர்ஸை 47-7 என்று வீழ்த்தி சாம்பியன். 1958 டிசம்பரில் பிரவுன்ஸுடன் பிளே-ஆஃப்: 10-0. ஜிம் பிரவுன் 7 முறை பந்தை எடுத்து ஓடி மொத்தம் 8 யார்டு. அந்தக் காலத்து ஜிம் பிரவுனை 8 யார்டில் நிறுத்தினார்கள் என்பதைப் படிக்கும்போது இன்றைக்கும் புல்லரிக்கிறது.

அதே ஜயன்ட்ஸில் தாக்குதல் பக்கத்துக் கோச் யார் தெரியுமா? வின்ஸ் லொம்பார்டி. தலைமைக் கோச் ஜிம் லீ ஹவலுக்குக் கீழே இரண்டு பேரும். இது ஃபிளெக்ஸ் கதைக்குத் தேவைப்படும்.

மூன்றாம்டவுன்

அண்ணே, ஒரு சந்தேகம். எந்தப் பக்கம் நகர்வது என்று ஹஃப் எதைப் பார்த்து முடிவு செய்வார்? பந்தையா?

கணக்கர்63

பந்தைப் பார்த்தால் தொலைந்தோம், தம்பி. பந்து கடைசியில்தான் உண்மை சொல்லும். பார்க்க வேண்டியது எதிரே, சென்டருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டின் முதல் அடி. 'கீ' என்பார்கள், துப்பு என்று வைத்துக்கொள்ளலாம். கார்டு முன்னால் பாய்ந்தால் ஓட்டம். பின்னால் ஓர் அடி வைத்து நிமிர்ந்தால் பாஸ். பக்கவாட்டில் கழன்று ஓடினால் ஸ்வீப் (ஓரம் சுற்றி ஓடும் ஆட்டம்), அவர் போகும் பக்கம்தான் பந்தும் போகும்.

ஏமாறுவதும் அங்கேதான். 'ட்ராப்' என்ற ஆட்டத்தில் டேக்கிளை வேண்டுமென்றே தடுக்காமல் உள்ளே விட்டு, இன்னொரு கார்டு பக்கவாட்டில் வந்து இடிப்பார். ஒரே துப்பை நம்பியவர் அதில் விழுவார். அதனால் கார்டோடு சேர்த்துப் பின்னால் நிற்கும் ரன்னிங்பேக்கின் (பந்தை எடுத்து ஓடுபவரின்) முதல் அடியையும் ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் என்றால் போ. முரண்பட்டால் உன் இடைவெளியிலேயே நில்.

பனித்திடல்

இனி ஃபிளெக்ஸ். லொம்பார்டி 1959-ல் கிரீன் பே பாக்கர்ஸுக்குப் போனார், லாண்ட்ரி 1960-ல் புதிதாகத் தொடங்கிய டல்லாஸுக்கு. கிரீன் பேயில் லொம்பார்டி ஒரு கொள்கை வைத்திருந்தார்: டிஃபென்ஸ் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் போக விரும்புகிறாரோ அந்தப் பக்கமே அவரைத் தள்ளிக்கொண்டு போ, ஓடுபவர் வெளிச்சம் தெரியும் இடத்தில் திரும்பட்டும். பந்தைத் துரத்தும் டிஃபென்ஸுக்கு இது விஷம். எவ்வளவு வேகமாகத் துரத்துகிறார்களோ அவ்வளவு பெரிய ஓட்டை பின்னால் திறக்கும்.

லாண்ட்ரியின் பதில்: துரத்தாதே. முன்வரிசை நால்வரில் இருவர், அதாவது ஒரு பக்கத்து டேக்கிளும் மறுபக்கத்து எண்டும் (ஓரத்தில் நிற்பவர்), பந்து இருக்கும் கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 அடி பின்னால் நிற்பார்கள். மற்ற இருவர் கோட்டை ஒட்டி. ஒட்டி நிற்பவர் பாய்ந்து எதிரணியின் தடுப்பு வரிசையைக் குலைப்பார். பின்னால் நிற்பவருக்கு அந்த 3 அடி அரை நொடி அவகாசம். கார்டு எந்தப் பக்கம் போகிறார் என்று பார்க்கவும், கழன்று ஓடும் கார்டுகளுக்குப் பின்னால் சிக்காமல் நகரவும் அது போதும். முதல் வேலை, எதிரே வருபவரை இடித்து நிறுத்துவது. இரண்டாவது, தன் இடைவெளியை மூடி நிற்பது. பந்து வேறு பக்கம் உறுதியாகப் போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் மூன்றாவது வேலை, துரத்துவது.

சொல்வது எளிது. பந்து இடப்பக்கம் போகிறது என்று கண் சொல்லும்போது வலப்பக்க இடைவெளியில் நின்றுகொண்டிருப்பது சிறுவயது முதல் ஆடிவந்த எவருக்கும் உடம்பு ஒப்பாத காரியம். புது ஆட்டக்காரர்கள் ஃபிளெக்ஸில் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: அரை அடி முன்னதாகவே கிளம்பிவிடுவது. பத்து பேர் சரியாக நின்று ஒருவர் கிளம்பினால் அந்த ஒருவரின் இடைவெளியில்தான் ஓட்டம் வரும். லொம்பார்டியின் ஆட்டமே அதைத் தேடுவதுதானே.

பாப் லில்லி இதற்கு விதிவிலக்கு. 1961-ல் கௌபாய்ஸ் தங்கள் முதல் டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது) முதலில் எடுத்த ஆள். தடுப்பவர் இருவரானாலும் உடைத்துக்கொண்டு உள்ளே போகும் வேகம் அவருக்கு இருந்தது. சூப்பர் பௌல் VI-ல் மயாமி குவாட்டர்பேக் பாப் கிரீஸியை 29 யார்டு பின்னாலேயே துரத்திப் பிடித்து வீழ்த்தியது அவர்தான். அன்று டல்லாஸ் 24-3. மயாமிக்கு ஒரு டச்டவுன்கூட இல்லை.

நடுக்கோடு

அருமை, பனித்திடல் சார். உங்கள் பெயரை வைத்தே கேட்கிறேன். 1967 டிசம்பர் 31, 'ஐஸ் பௌல்' எனப்படும், கிரீன் பேயுடனான சாம்பியன்ஷிப் ஆட்டம். மைனஸ் 25 டிகிரி செல்சியஸ், திடலுக்கு அடியிலிருந்த சூடேற்றும் அமைப்பும் கைவிட்டது. கடைசி 16 நொடியில் கிரீன் பே குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் தானே நுழைந்து 21-17. அங்கே ஃபிளெக்ஸ் தோற்றதா?

பனித்திடல்

தோற்றது ஃபிளெக்ஸ் அல்ல, காலூன்ற இடம் இல்லாமல் போனது. கோல் கோட்டுக்கு இரண்டடி முன்னால் 3 அடி பின்வாங்கி நிற்க வழியே இல்லை, எல்லாரும் தாழ்ந்து நேராக மோத வேண்டும். கிரீன் பேயின் கார்டு ஜெரி கிரேமரும் சென்டர் கென் போமனும் சேர்ந்து டல்லாஸின் ஜெத்ரோ பியூவை நிமிர்த்திவிட்டார்கள். பனிக்கட்டியில் ஒருமுறை நிமிர்ந்தவர் மறுபடி தாழ முடியாது. கிரீன் பேயிடம் டைம்-அவுட்டும் தீர்ந்திருந்தது, நுழைய முடியாமல் போயிருந்தால் அடுத்த ஆட்டத்துக்கு நேரம் இருந்திருக்காது. இரண்டு பழைய சகாக்கள், எதிரெதிர் ஓரத்தில். முந்தைய சீசனிலும் இதே அணியிடம் 34-27 என்று சாம்பியன்ஷிப்பை இழந்திருந்தார் லாண்ட்ரி.

இடதுகார்னர்

தாக்குதல் பக்கத்தை யாரும் தொடவில்லையே. தன் 4-3-ஐ உடைக்க என்ன தேவை என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். அவருடைய டிஃபென்ஸ் வரிசையைப் படித்து, அடையாளம் கண்டு, அழைப்பை மாற்றி ஆடுவது. அப்படியானால் படிக்க நேரம் கொடுக்காதே.

கௌபாய்ஸின் முன்வரிசை நிற்பதைப் பழைய படத்தில் பாருங்கள். முதலில் கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிவார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக நிமிர்வார்கள். உடனே மறுபடி கையைத் தரையில் வைத்து அமர்வார்கள். அழகுக்காகச் செய்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் நிமிரும் அந்தக் கணத்தில் பின்னால் இருக்கும் ரன்னிங்பேக்குகள் இடம் மாறுவார்கள். முன்னால் 5 பெரிய உடம்புகள் நிமிர்ந்து மறைப்பதால் லைன்பேக்கருக்கு மாற்றம் தாமதமாகத்தான் தெரியும்.

விதிப்படி இதில் இரண்டு கண்ணி. இடம் மாறிய பிறகு 11 பேரும் ஒரு முழு நொடி அசையாமல் இருக்க வேண்டும், பிறகே ஸ்னாப் (சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பது). இரண்டாவது, முன்வரிசை ஆள் ஒருமுறை கையைத் தரையில் ஊன்றிவிட்டால் எடுக்கக் கூடாது, எடுத்தால் 5 யார்டு அபராதம். அதனால்தான் முதல் நிலையில் கை முழங்காலில். டிஃபென்ஸுக்குக் கிடைப்பது அந்த ஒரு நொடி மட்டும்.

1975-ல் ஷாட்கன்னைத் திரும்பக் கொண்டுவந்ததும் இதே யோசனையின் தொடர்ச்சி. சான்ஃபிரான்சிஸ்கோவில் 1960 வாக்கில் ரெட் ஹிக்கி ஆடிப் பார்த்துக் கைவிட்டது. லாண்ட்ரி அதைப் பாஸ் எறிந்தே ஆக வேண்டிய மூன்றாம் டவுனுக்கு மட்டும் எடுத்தார். குவாட்டர்பேக் சென்டருக்குப் பல யார்டு பின்னாலேயே நின்றால் பந்தைப் பிடித்தபடி ஓடிப் பின்வாங்கும் நேரம் மிச்சம், திடல் முழுவதும் கண்ணில் இருக்கும். ஆபத்து சென்டர் கையில். குனிந்தபடி கால்களுக்கிடையே நீளமாக எறிய வேண்டும், உடனே தலையைத் தூக்கி எதிரே பாய்பவரைத் தடுக்கவும் வேண்டும். பந்து உயரமாகப் போனால் குவாட்டர்பேக்கின் கண் திடலை விட்டுப் பந்துக்குப் போய்விடும், ஆதாயம் அத்தனையும் வீண்.

மூன்றாம்டவுன்

அப்போ 1971? மார்ட்டன், ஸ்டாபாக் என்ற இரண்டு குவாட்டர்பேக்குகளையும் ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் இறக்கியது?

கணக்கர்63

அதைவிட மோசம், தம்பி. அக்டோபர் 31, பேர்ஸ் ஆட்டத்தில் ஒவ்வொரு பிளேவுக்கும் (ஒரு ஸ்னாப்பில் ஆடும் ஒரு நகர்வுக்கும்) மாற்றி மாற்றி இறக்கினார். 23-19 தோல்வி, சீசன் கணக்கு 4 வெற்றி, 3 தோல்வி.

அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். பிளே அழைப்பு அவருடையது. 1962-லேயே எட்டி லபாரனையும் டான் மெரடித்தையும் இப்படி இறக்கியிருக்கிறார். வெளியே நிற்கும் குவாட்டர்பேக் அவர் பக்கத்தில் நின்று டிஃபென்ஸைப் பார்ப்பார், அடுத்த அழைப்பைக் கையோடு எடுத்துப் போவார். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. திடலில் கெட்டது, ஏனென்றால் ரிசீவருக்கும் எறிபவருக்கும் இடையே ஒரு தாளம் உண்டு. மார்ட்டனின் பந்து வரும் நேரம் வேறு, ஸ்டாபாக்கின் பந்து வரும் நேரம் வேறு. சென்டருக்கும் குரலின் இழுப்பு ஒவ்வொரு முறையும் மாறும். பொறியாளர் ஒருவர் இயந்திரத்தின் பாகத்தை மாற்றுவதுபோல் மனிதரை மாற்றிப் பார்த்தது அவருடைய பெரிய தவறு. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் ஒரே வாரத்தில் நிறுத்தினார். ஸ்டாபாக்தான் இனி என்று அறிவித்தார். மீதி 7 ஆட்டமும் வெற்றி, பிளே-ஆஃபில் இரண்டு, பிறகு சூப்பர் பௌல் VI. தொடர்ந்து 10. பிளே அழைக்கும் உரிமையை மட்டும் விடவில்லை. குவாட்டர்பேக்குக்குப் பதில் டைட் எண்ட் மைக் டிட்காவும் பில்லி டுருவாக்ஸும் மாறி மாறி அழைப்பை எடுத்துப் போனார்கள்.

இன்னொன்று. 1978 ஜனவரி 15, சூப்பர் பௌல் XII. எதிரணி டென்வர், அதன் குவாட்டர்பேக் அதே கிரெய்க் மார்ட்டன். 15 பாஸில் 4 மட்டும் சேர்ந்தன, 39 யார்டு, 4 பறிபோயின. 27-10. மார்ட்டனின் பழக்கங்களை லாண்ட்ரியைவிட யார் அறிவார்? அன்று ஹார்வி மார்ட்டினும் ராண்டி வைட்டும் ஆட்டநாயகன் பட்டத்தைப் பகிர்ந்தார்கள். ராண்டி வைட்டை முதல் இரண்டு சீசன் நடு லைன்பேக்கராகப் பழக்கிப் பார்த்து, ஒத்துவராமல், 1977-ல்தான் டேக்கிளாக மாற்றினார்.

நடுக்கோடு

புள்ளிவிவரத்தையும் ஓரிடத்தில் வைத்துவிடுகிறேன். 1960: 0 வெற்றி, 11 தோல்வி, 1 டை. முதல் 4 சீசன் சேர்த்து 13-38-3. அந்த நிலையில், 1964 தொடக்கத்தில், உரிமையாளர் கிளின்ட் மர்ச்சிசன் அவருக்கு 10 ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தார்! ஃபிளெக்ஸ் போன்ற ஒன்றைப் பழக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தைக் கொடுத்தது அந்தக் கையெழுத்து. 1966 முதல் 1985 வரை தொடர்ந்து 20 சீசன் வெற்றிக் கணக்கு. பிளே-ஆஃபையும் சேர்த்து மொத்தம் 270 வெற்றி. சூப்பர் பௌலில் 5 முறை, இரண்டு வெற்றி. தோற்ற மூன்றும் (16-13, 21-17, 35-31) 4 புள்ளிக்குள் தோற்றவை.

சரி, ஃபிளெக்ஸ் ஏன் செத்தது?

பனித்திடல்

ஓட்டத்தை நிறுத்தப் பிறந்தது அது, ஆட்டம் எறிதலுக்குப் போய்விட்டது. 1978-ல் விதி மாறியது. 5 யார்டுக்கு அப்பால் ரிசீவரைத் தொடக் கூடாது. பாஸ் தடுப்பில் முன்வரிசை ஆட்கள் கையை நீட்டி, உள்ளங்கை விரித்துத் தடுக்கலாம். 3 அடி பின்னால் நிற்கும் டேக்கிள், கை நீட்டிய ஆளைத் தாண்டிக் குவாட்டர்பேக்கிடம் சேர்வதற்குள் பந்து போயிருக்கும். பில் வால்ஷின் சான்ஃபிரான்சிஸ்கோ அணி போல் குவாட்டர்பேக் மூன்று எட்டு பின்வாங்கியதுமே எறிந்துவிடும் அணிகளிடம் 'முதலில் படி, பிறகு நகர்' என்பது எடுபடவில்லை. பாஸ் நிச்சயம் என்று தெரிந்த டவுன்களில் அவரே ஃபிளெக்ஸைக் கழற்றி வைத்தார் என்பதும் உண்மை. ஆனால் முதல் டவுனிலேயே எறிகிறவனிடம் எப்போது கழற்றுவது?

1980, 1981, 1982 மூன்று சீசனும் என்.எஃப்.சி. இறுதியில் (சூப்பர் பௌலுக்கு முந்தைய படி) தோல்வி. 1985 நவம்பர் 17 அன்று சொந்தத் திடலில் பேர்ஸிடம் 44-0. அந்த பேர்ஸின் கோச், லாண்ட்ரியிடம் ஆடி, அவரிடமே 1973 முதல் 1981 வரை உதவிக் கோச்சாக இருந்த மைக் டிட்கா. டிஃபென்ஸ் பட்டி ரயனின் 46: எட்டு பேரைக் கோட்டுக்கு அருகே குவித்து, எதையும் படிக்காமல், ஸ்னாப் ஆனதும் நேராகப் பாய்வது. ஃபிளெக்ஸுக்கு நேர் எதிர்.

இடதுகார்னர்

1986-ல் 7-9, 1988-ல் 3-13. 1989 பிப்ரவரி 25, புது உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் அவரை நீக்கினார். நீக்கியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அணி கீழே போய்க்கொண்டுதான் இருந்தது. நீக்கிய விதம் மனதை உறுத்துகிறது. விற்பனை அறிவிப்பும் நீக்கமும் ஒரே நாளில், ஆஸ்டினுக்கு அருகே கோல்ஃப் திடலில் இருந்தவரைத் தேடிப்போய்ச் சொன்னார்கள். அணியைத் தொடங்கிய நாளிலிருந்து இருந்தவருக்கு ஒரு வாரம் கொடுத்திருக்கலாம். ஏப்ரலில் டல்லாஸ் நகரமே தெருவில் கூடி ஊர்வலம் நடத்தி வழியனுப்பியது. 1990-ல் ஹால் ஆஃப் ஃபேம். 2000 பிப்ரவரி 12 அன்று ரத்தப் புற்றுநோயால் காலமானார்.

மூன்றாம்டவுன்

எல்லாருக்கும் நன்றி. பழைய ஆட்டப் படம் ஒன்றை எடுத்துப் பார்க்கப் போகிறேன். எங்கே கண்ணை வைக்க வேண்டும்?

கணக்கர்63

சூப்பர் பௌல் VI-ஐ எடுங்கள் தம்பி. முதல் கால் மணி நேரம் பந்தை மறந்துவிடுங்கள். மயாமியின் முன்வரிசையில் ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து, ஸ்னாப் ஆனதும் அவருடைய முதல் அடியை மட்டும் பாருங்கள்: முன்னாலா, பின்னாலா, பக்கவாட்டிலா? பிறகு அதே பிளேவைத் திரும்ப ஓட்டி, அவருக்கு எதிரே 3 அடி தள்ளி நிற்கும் டல்லாஸ் ஆள் எப்போது நகர்கிறார் என்று பாருங்கள். பத்து பிளே இப்படிப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.